ஊர் கேட்டாலும் காட்டக் கூடாத ஃபைல்

அன்றைக்கு ஊர்க் கூட்டம் போடுகிற அந்தக் கொட்டாயில் இருந்தவர்கள்: ஊர்த் தலைவர். அவருக்கு இடமும் வலமும் பஞ்சாயத்துக்காரர்கள் இரண்டு பேர். தோளில் அடிபட்ட மணி. மணியின் மனைவி செல்வி, அவள் உள்ளே வரவில்லை, கம்பத்துக்கு வெளியே நின்றாள். மணியின் பெரியப்பா மகன் குமார். எங்கள் பிசியோதெரபி சார். நான். தரையில் உட்கார்ந்திருந்த ஊர் ஆம்பளைகள் முப்பது பேரோ நாற்பது பேரோ. எண்ணிப் பார்க்கவில்லை, அதனால் எண்ணினதாகச் சொல்ல மாட்டேன்.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். இது சார் எனக்குப் பழக்கினது. பின்னாடி தகராறு என்று வந்தால், அங்கே இல்லாதவன்கூட நானும் பக்கத்துல தான் நின்னேன் என்பான். மணி, செல்வி, குமார் மூன்றும் நான் வைத்த பேர். நிஜப் பேரும் ஊர்ப் பேரும் இதில் வராது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு குப்பம், அவ்வளவு போதும். "எங்க கிட்ட மட்டும் சொல்லுங்கக்கா"னு நீங்கள் யாரும் வந்து நிற்காதீங்க. அப்படி வந்து நிற்கிறவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கிளினிக்கில் புதுசாக உதவிக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். நோயாளியைப் பிடித்துக்கொள்வது, ஃபைலை எடுத்துக் கொடுப்பது, சாரோடு படகில் போய் வருவது, பொம்பளை நோயாளிக்கு சார் வைத்தியம் பார்க்கிறபோது அறையை விட்டு நகராமல் இருப்பது, இவைதான் என் வேலை. ஊர் ஊராக என்னை நர்ஸம்மா என்பார்கள். ஒவ்வொரு தடவையும் "நான் நர்ஸ் இல்லைங்க"னு திருத்துவேன். அடக்கம் எல்லாம் இல்லை, பயம். நாளைக்கு ஒருத்தன் எங்கேயாவது போய் "நர்ஸம்மா தான் சொன்னாங்க"னு நின்றால் யார் பதில் சொல்வது? எனக்கு சுபாவமே அப்படி. கிளினிக்கைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சிரிப்பீங்க. சிரிங்க.

மணி விஷயத்துக்கு வருகிறேன். படகைக் கரைக்கு ஏற்றுகிறபோது கால் சறுக்கி, வலது தோள் மூட்டு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டை அவிழ்க்கப் பயந்து ரொம்ப நாள் அப்படியே வைத்திருந்ததில் தோள் இறுகிவிட்டது. எலும்பு டாக்டரின் சீட்டோடு எங்களிடம் வந்தார். முதல் நாள் சார் எழுதினது இது: கையைத் தானாகத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. அதற்கப்புறம் வாராவாரம் நாங்கள் படகில் போனோம். கை மெதுவாக மேலே வர ஆரம்பித்தது.

இதற்கு நடுவில் ஊரில் பாடு குலுக்கல் வந்தது. ஏரிக்காரர்களுக்கு இது தெரியும், மேட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இறால் விழுகிற நல்ல இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊரே கூடி சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதுதான் பாடு. பேர் விட்டுப் போனால் அந்த முறை போச்சு. அடுத்த குலுக்கல் வரைக்கும் வீட்டில் உலை ஏறுவதே சிரமம். வலை இழுக்க முடியாதவன் பேரை விட்டுவிட்டு அடுத்த பங்காளிக்கு அந்த நாளைக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். மணிக்கு அடுத்த பங்காளி குமார்.

குலுக்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி குமார் கிளினிக்குக்கு வந்தான். கையில் ஈரம் சொட்டுகிற பிளாஸ்டிக் கவர்.

"இன்னாக்கா, நல்லாக்கீறியா? தோ, காலையில புட்ச்ச இறாலு. வூட்டுக்கு எடுத்துனு போ."

"எதுக்குப்பா?"

"சும்மா தான். என் தம்பிய அவ்ளோ நல்லா பாத்துக்கிறீங்கோ."

இறால் என்ன விலை போகிறது என்று எனக்குத் தெரியும். சும்மா கொடுக்கிற பொருள் இல்லை. கவரை நான் வாங்கவில்லை.

"ஒண்ணுமில்ல, இன்சூரன்சுக்கு மணி ஃபைல ஒரு போட்டோ எடுத்துக்கணும். அவன் தான் அனுப்புனான்."

"மணிய போன்ல பேசச் சொல்லு."

"போனு ஏரியில வுழுந்துட்ச்சுக்கா."

"நேத்து சாயந்தரம் செல்வி அதே போன்ல தானே என்கிட்ட பேசிச்சு?"

"அப்பாலிக்கு தான் வுழுந்துச்சு." கொஞ்சம்கூட அசரவில்லை அவன். "சரி, ஃபைல வுடு. கை வருமா, வராதா? வாயால கூட சொல்ல வேணாம். தலைய ஆட்டு, போதும்."

நான் தலையையும் ஆட்டவில்லை, வாயையும் திறக்கவில்லை. கழுத்தைக் கம்பி மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரிக்கா, புரிஞ்சிட்ச்சு" என்றான். இறாலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

என்ன புரிந்தது அவனுக்கு? அன்றைக்கு ராத்திரியெல்லாம் எனக்கு அதே யோசனை. காலையில் சாரிடம் சொன்னேன். சார் உடனே ஃபைலில் எழுதினார்: இன்ன தேதி, நோயாளியின் உறவினர் ஒருவர் விவரம் கேட்டார், தரவில்லை.

அடுத்த தடவை அந்தக் குப்பத்தில் படகு விட்டு இறங்கினதும் கரையிலேயே ஆள் நின்றார். "தலைவர் கூப்பிடறாரு. கொட்டாய்க்கு வந்துட்டு அப்பறம் வைத்தியம் பாக்கலாமாம்."

கொட்டாயில் எங்களுக்கு ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே நுழைகிறபோதே குமார் எனக்குப் பின்பக்கமாக வந்து நின்றதைப் பார்த்தேன். கையில் போன். ஃபைல் பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சில் பையை வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தலைவர் வந்தார். ஊரே எழுந்தது, சாரும் எழுந்தார். நான் எழுந்தால் பை குமார் கைக்கு எட்டுகிற மாதிரி கிடக்கும். உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

இடதுபக்கம் இருந்த பஞ்சாயத்துக்காரர் என்னைப் பார்த்து, "இன்னாமா, இடுப்புல எதுனா கோளாறா? கூடவே வைத்தியர வெச்சிக்கினு இப்டி கஷ்டப்படறியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

தலைவர் சிரிக்கவில்லை. நிதானமான மனுஷர். சாரிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், உங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. எங்க நைனாவுக்கு ஒரு பக்கம் வராம போனப்ப நீங்க தான் எழுப்பி நடக்க வெச்சீங்க. இப்ப இன்னா விஷயம்னா, நாளான்னிக்கு குலுக்கல். கை வராதவன் பேர போட்டா ஊருக்கு ஒரு நாள் நஷ்டம். கை வர்றவன் பேர எடுத்தா அது பாவம். ரெண்டும் வேணாம்னு தான் கூப்பிட்டேன். மணியோட ஃபைல படிச்சிக் காட்டுங்க. முடிச்சிக்கலாம்."

"ஃபைல் மணியோடது தலைவரே. நான் பத்திரமா வெச்சிருக்கேன், அவ்வளவு தான். நான் யாருக்கும் படிச்சுக் காட்ட முடியாது."

"மணி யாரு? எங்க ஆளு. ஊரு கேட்டா மணி கேட்ட மாதிரி."

இதைத் திமிர் என்று நினைக்காதீங்க. மணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது வீட்டுக்கு வீடு பணம் போட்டது அதே ஊர்தான். போலீஸ் ஸ்டேஷன் என்றாலும் துறைமுகத்துக்காரர்களிடம் பேசுவது என்றாலும் அங்கே ஒருத்தராகப் போக மாட்டார்கள், ஊராகத்தான் போவார்கள். அப்படி இருந்தே பழகினவர்களுக்கு ஒரு மனுஷனின் தோளைப் பற்றின காகிதம் அவனுக்கு மட்டும் சொந்தம் என்றால் எப்படி ஏறும்?

அப்போதுதான் குமார் பின்னாலிருந்து பேசினான். "தலைவரே, நான் நேர்லயே போய் இந்தம்மாவ கேட்டேன். வாயே தொறக்கல. தலை கூட ஆட்டல. கை வரும்னா சொல்றதுக்கு இன்னா கஷ்டம்? நல்ல சேதிய யாராவது மறைப்பாங்களா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் "அதானே" என்றார்கள். மணி தலையைத் தொங்கப் போட்டார். நான் ஒன்றுமே சொல்லாமல் இருந்ததை எடுத்து அவன் மணியின் வயிற்றில் அடிக்கிறான்.

பிள்ளைகளே, இதை மட்டும் நல்லா மனசில் வாங்கிக்கோங்க. யாராவது வந்து கேட்டால் வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்துவிடாதீங்க. நாம் சும்மா இருந்தால் கேட்டவன் தனக்கு வேண்டியதை அதில் போட்டு நிரப்பிக்கொள்வான். "நல்லதா இருந்தாலும் சரி, கெட்டதா இருந்தாலும் சரி, நோயாளியத் தவிர யாருக்கும் சொல்றதில்ல. உங்க ஃபைல கேட்டு வேற யார் வந்தாலும் இதே பதில் தான்"னு சத்தமாகச் சொல்லுங்க. எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்க. கோர்ட்டு, போலீஸ் என்று முறையாக எழுத்தில் வந்தால் அது வேறே. அதற்கும் பதில் சொல்ல வேண்டியது தெரபிஸ்ட், நீங்கள் இல்லை.

கொட்டாயில் எல்லோரும் மணியைப் பார்த்தார்கள். அப்புறம் மணியே தலை நிமிராமல் சொன்னார்: "காட்டுங்க சார். ஊரு கேக்குது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சம்பந்தப்பட்ட ஆளே சொல்லிவிட்டார், நமக்கு என்ன வந்தது, காட்டிவிட்டு அடுத்த படகில் போய்விடலாம். இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு சாரைப் பார்த்தேன்.

சார் அசையவில்லை. "இங்க வேணாம். மணி, எழுந்து வாங்க, தனியா ஒரு வார்த்தை பேசணும். அக்காவும் வருவாங்க, சாட்சிக்கு."

"தனியா இன்னா பேச்சு?" என்றார் வலதுபக்கத்துப் பஞ்சாயத்துக்காரர். "எங்களுக்குத் தெரியாம அவன் கிட்ட இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா இத்தனை பேர் முன்னாடி தலைய குனிஞ்சிக்கிட்டு அவர் சொல்ற சரிய நான் சரின்னு எடுத்துக்க மாட்டேன்."

இப்போது நான் எழுந்துதான் ஆக வேண்டும். எழுந்து, அடியிலிருந்த பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. தலைவரின் முகம் மாறினதைப் பார்த்தேன். இடுப்பு வலி என்றே நினைத்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஊர்க்காரர்கள் ஃபைலைத் திருடுவார்கள் என்று ஒருத்தி நினைத்தது தெரிந்ததும் அவருக்கு வலித்துவிட்டது.

படகுத்துறைக்குப் போனோம். அங்கே போனதும் மணி வேறே ஆளாகிவிட்டார்.

"சார், காட்டாதீங்க. சத்தியமா காட்டாதீங்க. அதுக்கு பதிலா கை நல்லா ஆயிட்ச்சு, வலை இழுக்கலாம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

பார்த்தீங்களா? இவரும் பொய்ச் சீட்டு கேட்பாரோ என்று எனக்கு அவர் மேலேயும் உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது.

"இழுக்கலாம்னு எனக்கே தெரியாது மணி. நான் எழுதி, நீங்க இழுத்து, மூட்டு மறுபடி இறங்கிச்சுன்னா?"

"இன்னா சார் இது! அவனுக்கும் குடுக்க மாட்டீங்க, எனக்கும் குடுக்க மாட்டீங்க. அப்பறம் இன்னாத்துக்கு அந்த ஃபைலு? ஏரியில கடாசுங்க!"

சார் கோபப்படவில்லை. "சட்டையக் கழட்டுங்க" என்றார். அங்கேயே, படகு ஓரத்தில் உட்கார வைத்து அளந்தார். அளந்ததை மட்டும் எழுதினார். முதல் நாளைவிடக் கை நன்றாகவே மேலே போகிறது. முழுசாகப் போகவில்லை. எடை இழுத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு மாதத்தில் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியாது. தேதி, நேரம், கையெழுத்து. நடுவில் ஒரு வார்த்தை தப்பாக விழுந்தபோது கறுப்பாக அடித்து மறைக்கவில்லை. பழசு தெரிகிற மாதிரி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தார். அவசரத்திலும் அதை விடவில்லை. எழுதினதை மணிக்கு மெதுவாக வாசித்துக் காட்டி, பெற்றுக்கொண்டேன் என்று எங்கள் பிரதியில் கையெழுத்து வாங்கினார்.

"இது உங்க காகிதம். காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம்."

செல்வி அதற்குள் வந்துவிட்டாள். "இத காட்டுனா பேரு போடுவாங்களா சார்?"

"தெரியாதும்மா."

"காட்டலன்னா?"

"அதுவும் தெரியாது."

"சோக்கா சொல்றீங்க போங்க!" என்றாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "காட்டாத. குமாரு அதுல பாதிய சத்தமா படிச்சிட்டு மீதிய முழுங்கிடுவான். நீ போய் உன் வாயால கேளு. வலைய இழுக்கற அன்னிக்கு என் தம்பி ஒரு பக்கம் நிப்பான். இன்னாத்துக்கு பயப்படற?"

மணி சட்டைக்குள் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு கொட்டாய்க்குத் திரும்பினார். உட்காரவில்லை. "சீட்டு என் கிட்ட கீது. காட்ட மாட்டேன். என் கை, என் சீட்டு. பாடு குலுக்கல்ல என் பேர போடுங்க. என் மொற வர்ற அன்னிக்கு என்னால இழுக்க முடியலன்னா ஊரு இன்னா சொல்லுதோ கட்டுப்படறேன்."

குமார் வாயைத் திறந்தான். தலைவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "மணி இதுவரைக்கும் ஊர் வார்த்தைய மீறுனதில்ல. அவனே நெஞ்ச நிமித்தி கேக்கறான். பேர போடுங்க" என்றார். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் கிளம்பினோம். "இருங்க சார்" என்றார் தலைவர். "மணிக்கு சொன்னது மணிக்கு. ஊர்க் கூட்டத்துல ஊரு கேட்டத இல்லன்னு சொன்னா எங்க பசங்களுக்கே அபராதம் உண்டு. வெளியாளுக்கு இல்லன்னா நாளைக்கு அவங்க கேப்பாங்க." எங்கள் பேரில் அபராதம் போட்டார்கள். அதைக் கட்டுகிற வரைக்கும் அந்த ஊர்ப் படகு எதுவும் எங்களை ஏற்றாது என்றும் சொன்னார்கள்.

அன்றைக்குக் கரைக்குக் கொண்டு வந்து விட்டார்கள். அதற்கப்புறம் ஏற்றவில்லை. அந்தக் குப்பத்தில் மணியைத் தவிர இன்னும் சில பேர் எங்களிடம் வைத்தியத்தில் இருந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் ஏரியைக் கடந்து கிளினிக்குக்கு வந்தார்கள். முடியாதவர்கள் வரவில்லை. தலைவர் தன் நைனாவைப் பக்கத்துக் குப்பத்துப் படகுக்கு வாடகை கொடுத்து எங்களிடம் கூட்டி வந்தார். அபராதத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கிழவனார் மட்டும் கட்டிலில் படுத்தபடி, "வைத்தியர படகுல ஏத்தாத ஊரு வெள்ளம் வந்து அழிஞ்சிருக்கலாம்"னு மகனைத் திட்டிக்கொண்டே கையை மடக்கி நீட்டினார். வர முடியாமல் போனவர்களை நினைத்து, கட்டிவிடலாமே என்று சாரிடம் நான் பல தடவை கேட்டேன். அவரும் ரொம்ப யோசித்தார். கட்டவில்லை. வர முடியாதவர்கள் ஒவ்வொருவர் ஃபைலிலும், எதனால் நாங்கள் போக முடியவில்லை, போனில் என்ன சொன்னோம் என்று எழுதி வைத்தார். இறால் சீசன் முடிந்ததும் ஒரு நாள் ஒரு படகுக்காரர் தானாகவே "ஏறுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

மணி தன் முறையில் வலை இழுத்தாரா? இழுத்ததாகச் சொன்னார்கள். மச்சான் தான் இழுத்தான், மணி சும்மா நின்றார் என்று சொன்னவர்களும் உண்டு. நான் பார்க்கவில்லை. ஃபைலிலும் சார் "நோயாளி சொன்னார்" என்றுதான் எழுதினார், "இழுத்தார்" என்று எழுதவில்லை. கண்ணால் பார்த்தது வேறே, காதால் கேட்டது வேறே. இரண்டையும் ஒரே வரியில் கலக்காதீங்க. அடுத்த குலுக்கலிலும் மணி பேர் இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கொஞ்ச காலம் கழித்து குமார் எங்களிடமே வந்து சேர்ந்தான், முதுகு வலியோடு. அவனுக்கும் ஒரு ஃபைல் போட்டோம். அடுத்த வாரமே மணி வந்து கதவோரம் நின்றார்.

"இன்னாக்கா, குமாருக்கு பெரிய கோளாறா? கொஞ்ச நாளைக்கு எழுந்திரிக்க மாட்டானாமே?" கேட்கிறபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் சொல்றதில்ல மணி."

"எனக்கேவா?"

"உனக்குந்தான்."

ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. குமாரிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனாலும் அவனுக்கு எப்படியோ தெரிந்து, கட்டிலில் குப்புறப் படுத்தபடி சிரித்தான். "அன்னிக்கு அந்த இறாலயாவது உன் கிட்ட வுட்டுட்டு வந்திருப்பேன்க்கா. தெரியாம போச்சு."

சார் இப்போது இங்கே இல்லை. நானும் வேலையை விட்டு நின்றுவிட்டேன். இனி அந்தக் குப்பத்துக்கு நீங்கள் போவீங்க. படகில் யாராவது விளையாட்டாகவோ நிஜமாகவோ "பழைய பாக்கி ஒண்ணு கீதே"னு ஆரம்பிப்பார்கள். நல்ல மனசோடு உங்களில் ஒருத்தர், சனியன் ஒழியட்டும் என்று கைக்காசை எடுத்து நீட்டக்கூடும். எனக்கு அந்தக் கவலைதான். நீட்டாதீங்க. கட்டினால் ஊருக்குக் கேட்கிற உரிமை இருந்தது என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி. மணி மாதிரி அடுத்து ஒருத்தர் வந்தால், அவருக்காக ஊரிடம் சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்காது.

கேட்ட ஃபைலைக் காட்டாததற்கு மூவாயிரம். தலைவர் வந்தும் நான் எழுந்திருக்காததற்கு இரண்டாயிரம். மரியாதைக் குறைவு என்னுடையது, என் இரண்டாயிரத்தை மட்டுமாவது நான் கட்டிவிடட்டுமா என்று சாரிடம் கேட்டேன்.

"எதுக்கு உக்காந்திருந்தீங்க?" என்றார்.

"ஃபைலுக்காக."

"அப்ப அதையும் கட்டாதீங்க."

ஆக மொத்தம் ஐயாயிரம் ரூபாய், இன்றைக்கும் பாக்கி.